வெளி வெறுமை அன்று

அமெரிக்க நாட்டின் தெக்சாசு மாநிலத்து ஊசுடன் நகரில் ஒரு சிறு கூடம் இருக்கின்றது. செங்கல்லால் எழுப்பப்பெற்ற எண்கோணக் கட்டடம் அது. சுவர்களில் சாளரம் இல்லை. கூரையின் நடுவே உள்ள திறப்பொன்றின் வழியாகவே பகலொளி உள்ளே இறங்குகின்றது. உள்ளே இறையுருவம் இல்லை. மறைநூல் வரிகள் இல்லை. இருப்பன 14 ஓவியத்திரைகளே. அவற்றிலும் மலை இல்லை, மரம் இல்லை, மாந்தர் முகம் இல்லை. கருமையும், கருமையோடு ஒட்டிய செம்பழுப்பும், ஆழ்ந்த ஊதாவும் மட்டுமே ஆளினும் மிக உயர்ந்த அத்திரைகளை நிறைத்து நிற்கின்றன. நடுவில் சில விசிப்பலகைகள். வருவோர் அமர்கின்றனர், பார்க்கின்றனர், பேசாமல் எழுந்து செல்கின்றனர். கண்ணீர் வடித்துச் செல்வோரும் உளர்.

இக்கூடத்தின் படத்தைத் தமிழர் ஒருவரிடம் காட்டினால் இரண்டு மறுமொழிகளுள் ஒன்று வரும். "இதில் என்ன இருக்கின்றது? கரியைக் கரைத்துக் கொடுத்தால் என் பேரனும் பூசுவானே!" என்று நகைப்பது ஒன்று. "மேலைநாட்டார் இத்துணை வியக்கின்றனர் எனின் இதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்" என்று, விளங்காமலே தலையாட்டுவது மற்றொன்று. முன்னது அறியாமையின் செருக்கு. பின்னது அடிமையின் பணிவு. இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றினும் வேர் ஒன்றே. கண்ணெதிரே உள்ளதைத் தன் மொழியால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அற்றுப் போனமையே அவ்வேர். தன் மொழியில் பெயரில்லாத ஒரு பொருளை ஒருவன் இகழ்வான், அன்றேல் தொழுவான், அதனை அளந்து பார்க்க மட்டும் முன்வரமாட்டான்.

ஆதலின் இகழ்தலும் தொழுதலும் ஆகிய இவ்விரண்டையும் ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, அக்கூடம் எவ்வாறு உருவாயிற்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

அவ்வோவியங்களைத் தீட்டியவர் மார்க் உரோத்கோ. 1903ஆம் ஆண்டு, அக்கால் உருசியப் பேரரசின் கீழ் இருந்ததும் இக்கால் இலாத்துவியா நாட்டில் உள்ளதுமான துவின்சுக்கு நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1913இல், பத்தாம் அகவையில், அமெரிக்காவில் குடியேறியவர். அவர் உருவம் தீட்டத் தெரியாதவர் அல்லர். 1930களில் நியூயார்க்கு நகரின் நிலத்தடித் தொடர்வண்டி நிலையங்களில் நிற்கும் மாந்தரை அவர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. 1940களில் பழங்கதைகளின் உருவங்களைத் தீட்டினார். 1949, 1950ஆம் ஆண்டுகளை ஒட்டியே உருவங்களை முற்றும் விடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மிதப்பன போன்ற வண்ணப்புலங்களுக்கு வந்து சேர்ந்தார். மாந்த உருவைச் சிதைக்காமல் தம் கருத்துக்குப் பயன்கொள்ள இயலாது எனக் கண்ட பிறகே அதனை விட்டதாக அவரே பின்னாளில் விளக்கினார். தெரியாமையால் விடுவது வேறு. தெரிந்து துறப்பது வேறு. துறவின் பொருளை அறிந்த ஓர் இனத்துக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவர் எத்தகையவர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1958இல் நியூயார்க்கில் புதிதாக எழுந்த சீகிராம் மாளிகையின் உயர்விலை உணவகத்துக்குச் சுவரோவியங்கள் தீட்டும் பணி அவருக்கு வந்தது. பெருந்தொகை பேசப்பெற்றது. ஓவியங்களும் உருவாயின. 1959இல் துணைவியாருடன் அவ்வுணவகத்துக்கே உண்ணச் சென்றார். செல்வர்கள் உண்டு களிக்கும் அச்சூழலைக் கண்டார். அங்கு உண்போர் தம் ஓவியத்தை ஒருகாலும் நின்று பாரார் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. ஓவியங்களைக் கொடுக்க மறுத்தார். பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவற்றுள் 9 ஓவியங்கள் பின்னர் இலண்டன் நகரின் தேட்டுக் கலைக்கூடத்துக்குக் கொடையாகச் சென்றன. அவை இலண்டன் வந்து சேர்ந்த நாள் 1970 பிப்பிரவரி 25. அதே நாளில்தான் நியூயார்க்கில் உரோத்கோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

தீட்டினால் போதாது, தீட்டியது இருக்கும் இடமும் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அத்தகைய இடத்தை அவர் கண்டது பழைய கோயில்களிலும் துறவியர் மடங்களிலுமே. இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரின் சான் மார்க்கோ மடத்தில் பிரா ஆஞ்செலிக்கோ என்னும் துறவி 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. ஒரு துறவிக்கு ஓர் அறை; ஓர் அறைக்கு ஓர் ஓவியம். காலையில் கண் விழிப்பதும் இரவில் கண் மூடுவதும் அதன் முன்னே. விற்பதற்கும் விலை பேசுவதற்கும் அங்கே இடமில்லை. வெனிசு நகரை அடுத்த தோர்ச்செல்லோத் தீவின் பழங்கோயிலில், வாயிற்சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பின் அச்சமூட்டும் காட்சி வண்ணச் சில்லுகளால் பதிக்கப்பெற்றுள்ளது. அதற்கு நேர் எதிரே, பொன்வெளியின் நடுவே, அன்னை மட்டும் தனித்து நிற்கின்றாள். நுழைவோர் முன்னே அமைதி; திரும்புவோர் முன்னே நடுக்கம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இழுவிசையைத் தம் கூடத்திலும் அமைத்தல் வேண்டும் என உரோத்கோ விரும்பினார்.

அவ்விருப்பத்துக்கு இடங்கொடுத்தோர் சான் தெ மெனில், தொமினிக் தெ மெனில் என்னும் இணையர். 1964இல் அவர்கள் இப்பணியை ஒப்படைத்தனர். நியூயார்க்கில் பழைய வண்டிக் கொட்டகை ஒன்றைப் பணிக்களமாகக் கொண்ட உரோத்கோ, கூடத்தின் சுவர்களை முழு அளவில் அங்கேயே போலியாக நிறுத்திக்கொண்டார். ஓவியத்திரைகளைக் கப்பிகளால் ஏற்றியும் இறக்கியும் விரலளவு உயர்வு தாழ்வையும் ஆய்ந்தார். கூரைச் சாளரத்தின் அடியில் வான்குடைத் துணியொன்றைக் கட்டி, ஒளி எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை வரையறுத்தார். கட்டடம் எண்கோணமாக அமைய வேண்டும் என்பதும் அவர் வேண்டியதே. கட்டடக் கலைஞர் பிலிப் சான்சனுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு முற்றியபோது, விலகியவர் கட்டடக் கலைஞரே. எஞ்சிய பணியை ஓவார்டு பார்ன்சுட்டோன், யூசின் ஆபிரி என்போர் முடித்தனர். முதலில் கத்தோலிக்கக் கோயிலாகவே எண்ணப்பெற்ற அது, முடிவில் எல்லாச் சமயத்தார்க்கும் எச்சமயமும் சாராதார்க்கும் உரிய கூடமாகத் திறக்கப்பெற்றது. திறந்த காலம் 1971 பிப்பிரவரி. திறப்பைக் காண ஓவியர் உயிரோடு இல்லை.

மூன்று முத்திரை ஓவியங்களாக 9 திரைகளும், தனித்தனியாக 5 திரைகளும் என 14 திரைகளும் எட்டுச் சுவர்களிலும் நிற்கின்றன. மும்மூன்று திரைகள் ஒன்றாய் இணைந்த தொகுதிகள் வடக்கு, கிழக்கு, மேற்குச் சுவர்களில். தனித்திரைகள் நான்கு மூலைச் சுவர்களிலும் தெற்கே வாயிற்புறத்திலும். அவற்றுள் ஏழில், செம்பழுப்பு நிலத்தின்மேல் கூரிய விளிம்போடு கரிய நாற்கோணங்கள் நிற்கின்றன. ஏழில் எல்லையே இல்லாத ஊதா மட்டும்.

கூடத்துள் நுழைந்தவுடன் எல்லாம் கறுப்பாகவே தோன்றும். வெளியில் எரிக்கும் தெக்சாசு வெயிலில் இருந்து வந்த கண் அவ்வளவே காணும். சில மணித்துளிகள் கழியக் கண் இருளுக்குப் பழகும். அப்பொழுது கறுப்பினுள் ஊதா எழும். ஊதாவினுள் செம்மை தோன்றும். ஓரிடம் பளபளப்பாகவும் ஓரிடம் மங்கலாகவும் வேறுபடும். வெளியே முகில் ஒன்று கடந்தால் உள்ளே சுவர் முழுவதும் நிறம் மாறும். ஓவியம் மாறுவதில்லை, ஒளி மாறுகின்றது, காண்பவரும் மாறுகின்றார். கதை சொல்லும் ஓவியத்தைக் கதை தெரிந்தவுடன் விட்டு நீங்கலாம். இங்கே கதை இல்லை. ஆதலின் நீங்கவும் வழியில்லை. தன்னுள்ளே ஓடும் எண்ணங்களையே பார்த்திருக்க வேண்டிய நிலை வருகின்றது. ஊழ்கம் என்று தமிழ் சொல்வது இதனையன்றி வேறெதனை?

இனி, பேரனும் பூசுவான் என்பார்க்கு மறுமொழி எளிது. பேரன் பூசலாம். ஆனால் பூசியதை ஏற்றி இறக்கிப் பார்த்து, விரலளவு தவறினும் பொறாது, ஏறத்தாழ மூன்று ஆண்டு அதிலேயே கிடந்து, ஒளியையும் சுவரையும் தரையையும் அதற்கேற்ப அமைக்கப் பேரன் முனைவானா? முனைந்தால் அவனும் வணங்கத்தக்க கலைஞனே. எளிமையாய்த் தோன்றுவதெல்லாம் எளிதில் வந்தது அன்று.

வேறொரு மறுப்பு இதனினும் வலியது. அதனை மறைத்தல் நேர்மையன்று. அக்கூடம் எழுந்த பணம் எண்ணெய்க்கிணறுகளுக்குக் கருவி செய்த பெருநிறுவனத்தின் வழிவந்த செல்வம். செல்வர் இட்ட பணத்தில் எழுந்த அமைதி, ஏழைக்கு என்ன செய்யும் என்று கேட்போர் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். அதற்கு மறுமொழி கூடத்தின் முன்னே நிற்கின்றது. பார்னெட்டு நியூமன் என்னும் கலைஞர் வடித்த 'முறிந்த கூர்ந்தூண்' என்னும் எஃகுச் சிற்பம் அது. ஒரு கூம்பின் உச்சியில், தலைகீழாய்க் கவிழ்ந்த தூணொன்று ஒரு முனையிலேயே நிற்கும். அதனை ஊசுடன் நகரில் நிறுவி, 1968இல் சுட்டுக் கொல்லப்பெற்ற கறுப்பின மக்கள் தலைவர் மார்ட்டின் இலூதர் கிங்கின் நினைவுக்கு உரிமையாக்க அவ்விணையர் விரும்பினர். நகர மன்றம் அவ்வுரிமையுரையை ஏற்க மறுத்தது. பெயரை விட்டுக்கொடுக்க விரும்பாத அவர்கள், சிற்பத்தைத் தாமே வாங்கி, இக்கூடத்தின் முன் நீர்நிலையொன்றில் நிறுத்தி, அவர் பெயருக்கே உரிமையாக்கினர். பிற்காலத்தில் மாந்த உரிமைக்குப் போராடுவோர் பலர் அக்கூடத்தில் சிறப்பிக்கப் பெற்றனர். உருவமற்ற ஓவியம் உலகை மறந்து உறங்குவதற்கு உரியது என்பார் கூற்று அவ்விடத்தில் பொய்யாகின்றது.

இவ்வளவும் அறிந்த பின்னரே பெயரைப் பற்றிப் பேசுதல் வேண்டும். பெயரில்தான் தமிழர்க்குரிய பங்கு இருக்கின்றது.

இத்தகைய ஓவியத்தை ஆங்கிலத்தார் சொல்லும் சொல், 'பிரித்தெடுக்கப்பட்டது', 'உரித்தெடுக்கப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன வேரிலிருந்து வந்தது. ஒரு பொருளின் உருவில் இருந்து வேண்டாதவற்றை உரித்துவிட்டு எஞ்சியதைத் தீட்டுதல் என்பதே அதன் கருத்து. உரோத்கோ அப்பெயரை ஏற்கவில்லை. தாம் அவ்வகை ஓவியர் அல்லர் என்றும், மாந்தரின் அடிப்படை உணர்வுகளை, துயரையும் பெருமகிழ்வையும் அழிவையும், வெளிப்படுத்துவதே தம் நோக்கம் என்றும் அவர் உரைத்தார். தம் ஓவியத்தின் முன் அழுவோர், தாம் தீட்டியபோது எய்திய அதே மெய்யுணர்வை எய்துகின்றனர் என்பது அவர் கருத்து. அஃதாவது, அத்திரைகளில் ஏதோ உரிக்கப்பட்டு எஞ்சி நிற்கவில்லை. உருவில்லாத ஒன்று நிறைந்து நிற்கின்றது.

தமிழ்நாட்டில் இதனைப் பற்றி எழுதுவோர் பலர், ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிவிட்டு அமைகின்றனர். வேறு சிலர் 'அரூபம்' என்கின்றனர்; 'சூன்யம்' என்கின்றனர். வடமொழியைக் கடன் வாங்கியது மட்டுமன்று இங்குள்ள குற்றம். பொருளும் பிழைபட்டது என்பதே பெருங்குற்றம். 'சூன்யம்' என்ற அளவிலே தமிழ்மக்கள் உள்ளத்தில் எழுவது பாழ் என்னும் எண்ணம். ஏவல் பில்லி என்னும் அச்சம். அச்சொல்லை ஓர் ஓவியத்தின் கீழ் எழுதிவிட்டு, மக்கள் அதனை விரும்பவில்லையே என வருந்துவதில் பயன் என்ன?

'அருவம்' என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுத்து எண்ணிய சிவனியக் கொண்முடிபு தமிழில் வளர்ந்தது. அப்பகுப்பில் அருவம் என்பது இல்லாதது அன்று. இருப்பது, ஆனால் வடிவில் அடங்காதது. இறையை ஏற்போரும் ஏலாதோரும் இச்சொல்லின் நுட்பத்தை ஏற்கலாம். அன்புக்கு உருவம் இல்லை. அதனால் அன்பு இல்லையாகாது. துயருக்கு உருவம் இல்லை. அதனால் துயர் இல்லையாகாது. இருந்தும் உருவில் அடங்காத இவற்றைத் தீட்ட முனையும் ஓவியத்துக்கு 'அருவ ஓவியம்' என்பதே பொருந்திய பெயர். தம் ஓவியத்துக்கு ஆங்கிலம் இட்ட பெயரை ஓவியரே மறுத்தார். அவர் எண்ணிய பொருள் தமிழ்ச்சொல்லில் ஆயத்தமாக இருக்கின்றது. மொழிப்பற்றால் மட்டும் கூறும் கூற்றன்று இது. பொருளை நோக்கிக் கூறுவது.

'வெளி' என்னும் சொல்லும் அத்தகையதே. வெறுமை வேறு, வெளி வேறு. பானையில் சோறில்லாமை வெறுமை. வான் நிறைந்து நிற்பது வெளி. வெறுமை குறைவைச் சுட்டும். வெளி இடங்கொடுப்பதைச் சுட்டும். தில்லையில் திரை விலக்கிக் காட்டப்பெறுவது பொன் வில்வ இலைமாலை தொங்கும் வெளியே. அதனைக் கண்டு, "இங்கே ஒன்றும் இல்லையே" என்று எந்தத் தமிழ் உழவனும் நகைத்ததில்லை. விடியலில் வாயிலில் இடும் புள்ளிக்கோலத்தைக் கண்டு, "இஃது எந்தப் பொருளின் உருவம்?" என எவரும் கேட்டதில்லை. உருவில்லாததைப் பார்க்கத் தெரிந்த கண் தமிழர்க்கு உண்டு. ஓவியக்கூடத்தின் வாயிலில் காலணியோடு அக்கண்ணையும் கழற்றி வைத்துவிடுகின்றனர் என்பதே உண்மை.

இவ்விடத்தில் வடலூரை எண்ணாதிருத்தல் இயலாது. 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வள்ளலார் அங்கே ஓர் அவையைத் திறந்தார். சத்திய ஞான சபை என்பது அவர் காலத்து வழக்கால் இட்ட பெயர். மெய்யறிவு அவை என்பது அதன் தமிழ். அதுவும் எண்கோணக் கட்டடம். அங்கும் இறையுருவம் இல்லை. ஒளி உண்டு, ஒளியின் முன் கண்ணாடி உண்டு, கண்ணாடியின் முன் ஏழு திரைகள் உண்டு. கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு நிறம் என ஏழும் நிறங்களே. அவற்றில் தெய்வ வடிவங்கள் எழுதப்பெறவில்லை. கருந்திரை மாயையின் மறைப்பு. செந்திரை விழைவின் மறைப்பு. பொன்திரை அறிவின் மறைப்பு. அறிவும் ஒரு திரையே என்றும், அதனையும் விலக்கினால்தான் ஒளி என்றும், ஒரு சொல்லும் எழுதாமல் நிறத்தால் மட்டுமே உணர்த்தினார் அப்பெரியார். திங்கள்தோறும் பூசநாளில் ஆறு திரைகளும், தைப்பூசத்தில் ஏழு திரைகளும் விலகுகின்றன.

வடலூருக்கும் ஊசுடனுக்கும் எத்தொடர்பும் இல்லை. உரோத்கோ வள்ளலாரிடம் கற்றார் எனக் கதை கட்டுவது அறிவுடைமை ஆகாது. "எல்லாம் எம்மிடமே முன்னர் இருந்தது" என மார்தட்டிவிட்டு மீண்டும் உறங்கப் போவதும் பயனற்றதே. இரண்டுக்கும் வேறுபாடும் பெரிது. வடலூரின் திரை விலகும். விலகினால் ஒளி தெரியும். ஊசுடனின் திரை விலகாது. காண்பவர் அதன் முன்னேயே அமர்ந்து, அப்பால் ஒளி உண்டோ இல்லையோ எனத் தமக்குத் தாமே வினவ வேண்டும். ஒன்று நம்பிக்கையின் கூடம். மற்றொன்று வினாவின் கூடம். ஆயினும் உருவையும் எழுத்தையும் நீக்கிவிட்டு, நிறமும் ஒளியும் வெளியுமே மாந்தர் உள்ளத்தோடு பேசட்டும் என விட்ட துணிவு இரண்டிலும் ஒன்றே. தைப்பூசத்தில் கருந்திரையின் முன் நின்று காத்திருக்கத் தெரிந்த தமிழர், ஊசுடனின் கருந்திரையின் முன் அஞ்சி விழிக்கவோ நகைக்கவோ வேண்டுவதில்லை. அளந்து பார்க்கும் கோல் அவர் கையிலேயே உள்ளது.

அக்கோலைத் தமிழர் மறந்தால் இழப்பது ஓவியச் சுவை மட்டுமன்று. மண்ணையும் இழக்க நேரும். வடலூரில் அவையைச் சூழ்ந்து கிடப்பது பெருவெளி. பார்வதிபுரத்து மக்கள் வள்ளலாருக்கு மனமுவந்து கொடுத்த நிலம் அது. தைப்பூசத்தில் பல நூறாயிரவர் கூடி நின்று ஒளி காணும் இடம். 2024ஆம் ஆண்டு பிப்பிரவரி 17ஆம் நாள், ஏறத்தாழ 100 கோடி உருபாச் செலவில் வள்ளலார் பன்னாட்டு நடுவத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பெற்றது. அவ்வூர் மக்களும் அன்பர் பலரும் எதிர்த்தனர். வழக்கு சென்னை உயர்முறைமன்றம் சென்றது. நடுவம் வேண்டா என்பது அவர்கள் கூற்றன்று; பெருவெளிக்குப் புறத்தே வேறிடத்தில் அமையட்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

அரசின் நோக்கம் தீயதென ஐயுற வேண்டுவதில்லை. வள்ளலார் பெயரால் நூலகமும் கல்விக்கூடமும் எழுவது நன்றே. ஆனால் பெருவெளியைப் பார்த்து, "இங்கே இடம் சும்மா கிடக்கின்றது" என்று எண்ணிய கண், உரோத்கோவின் திரையைப் பார்த்து, "இதில் ஒன்றும் இல்லையே" என்று நகைத்த அதே கண்தான். அவை என்பது எட்டுச் சுவர் மட்டும் அன்று; சூழ்ந்த வெளியும் சேர்ந்தே அவை. ஓவியத்தின் விளிம்பை வெட்டியவன், ஓவியத்தின் நடுவை விட்டுவைத்தேன் எனச் சொல்லித் தப்ப இயலாது.

ஊசுடன் மக்கள் இதில் செய்ததையும் நோக்குக. தெக்சாசின் கடுவெயில், உரோத்கோ எண்ணியதினும் மிகுதியாகக் கூரை வழியே இறங்கிற்று. ஓவியங்கள் ஒளியில் கூசின. ஒளியை மட்டுப்படுத்த ஒன்றன்பின் ஒன்றாக மறைப்புகள் இட்டுப் பார்த்தனர், நிறைவு வரவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் விடவில்லை. கூடத்தை மூடி, கூரைச் சாளரத்தையே புதிதாக அமைத்து, 2020ஆம் ஆண்டு செப்பிடம்பரில் மீண்டும் திறந்தனர். 2024 சூலையில் வீசிய பெரும்புயலில் கூரை ஒழுகிச் சில ஓவியங்கள் பழுதுற்றன. மீண்டும் செப்பனிட்டு, அவ்வாண்டு திசம்பரிலேயே கூடத்தைத் திறந்தனர். அவர்கள் பெரும்பொருள் செலவிட்டது புதிதாக ஒன்றைக் கட்டி நிரப்புவதற்கு அன்று. ஒளி சரியாக இறங்குவதற்கு! வெளியைக் காப்பதற்கும் செலவிடலாம் என்னும் இவ்வறிவு, வெளி என்னும் சொல்லைத் தந்த மொழியின் மக்களுக்கு வாராது போகலாமா?

தமிழர் செய்யத்தக்கன சில உள. கலைநூல் எழுதுவோர் அருவ ஓவியம், வண்ணப்புலம், முத்திரை ஓவியம், கூரைச் சாளரம், ஊழ்கக் கூடம் எனத் தமிழிலேயே எழுதுதல் வேண்டும். ஒரு சொல் முதற்கண் புதிதாய்த் தோன்றும். பத்து முறை வழங்கினால் பழகிவிடும். 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் சிற்றூரை நிறுவிய கலைஞர்கள், மேலைநாட்டைப் படியெடுக்காமல் இம்மண்ணின் வேரில் இருந்து புதிய ஓவியம் படைக்க முனைந்தனர். அத்தகையோர் படைப்புகளைத் தமிழ்ப்பிள்ளைகள் தமிழ் விளக்கத்தோடு காணும் நிலை வருதல் வேண்டும். ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர், மாம்பழத்தையும் மயிலையும் வரையச் சொல்வதோடு நில்லாமல், ஒரு நாளேனும் "அச்சத்தின் நிறம் எது? அதனைத் தீட்டுக" எனச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளை வடலூருக்கு அழைத்துச் சென்று, ஏழு திரைகளின் நிறத்துக்கும் பொருள் சொல்லுதல் வேண்டும். பெருவெளியில் அவர்களைச் சற்றே பேசாமல் நிற்கச் செய்தல் வேண்டும்.

அவ்வாறு நின்று பழகிய பிள்ளை நாளை ஊசுடன் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். எங்கு நின்றாலும், உருவில்லாத ஒன்றன் முன் நிற்கும்போது இகழவும் மாட்டான், அஞ்சித் தொழவும் மாட்டான். நின்று பார்ப்பான், தன் மொழியில் எண்ணுவான், பிடித்திருந்தால் பிடித்தது என்றும், இல்லையேல் இல்லை என்றும் தன் வாயால் சொல்வான். அவன் நிற்பதற்கு ஒரு வெளியை விட்டுவைப்பதே மூத்தோர் கடன்.